சோலை ஜன்னலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

பெற்றோர்களுக்கும் எஸ்டேட் நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் தொடக்கப் பள்ளியின் கிழக்குப் பக்க ஜன்னல்கள் மூன்றிலும் இப்போது காடு நிற்கிறது. காலையில் வெயில் வந்தால் சிமென்ட் தரையில் பச்சையும் மஞ்சளுமாக விழுந்து கிடக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை மிதிக்காமல் தாண்டிப் போகிறார்கள். வால்பாறையில் வெயிலை நம்பி ஒரு வேலையைத் தொடங்குவது அசட்டுத் துணிச்சல்தான். முடித்துக் கொடுத்தது நீங்கள்.

சர்ச் ஜன்னலில் இருக்குமே வண்ணக் கண்ணாடி, அதே சங்கதிதான். அங்கே கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டை பிடித்திருக்கும். எங்களுக்கு ஈயத்துக்குக் கறுப்பு சார்ட், கண்ணாடிக்குக் கலர் கண்ணாடித்தாள். சார்ட்டில் படம் வரைந்து, கோடுகளை மட்டும் விட்டு நடுவை வெட்டி எடுத்து, அந்த ஓட்டைகளில் தாளை ஒட்டுவோம்.

பூங்கொத்து சுற்றி மிஞ்சிய தாள்களை ஒரு சாக்கு நிறையக் காசு வாங்காமல் கொடுத்த பொள்ளாச்சிக் கடைக்காரருக்கு முதல் நன்றி. அதை 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏற்றி, கசங்காமல் இறக்கிக் கொடுத்த கண்டக்டர் அண்ணனுக்கு அடுத்தது. லக்கேஜ் டிக்கெட்டைப் பற்றி இங்கே நான் எதுவும் எழுதவில்லை.

முதல் வாரம் எல்லாமே கிழிந்தது. தப்பு என்னுடையது; கோடுகளை நூல் மாதிரி வெட்டச் சொல்லிவிட்டேன். "சட்டம் மெல்லிசா இருந்தா கண்ணாடி எப்படி டீச்சர் நிக்கும்?" என்றார் தச்சர் அண்ணன். அதன்பிறகு கோடு ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அகலம்.

அடுத்த சிக்கல் சிங்கவால் குரங்கு. "கோடும் கறுப்பு, குரங்கும் கறுப்பு. எதை டீச்சர் வெட்டுறது?" என்றான் நான்காம் வகுப்புப் பையன். எனக்குப் பதில் தெரியவில்லை. விலங்குகளைப் பற்றிப் பேச வந்திருந்த வேட்டைத் தடுப்புக் காவலர்தான், "உடம்பை அப்படியே விடு தம்பி, முகத்தைச் சுத்தி இருக்கிற பிடரி முடியை மட்டும் வெட்டு" என்றார். அந்த இடத்தில் பட்டர் பேப்பர் ஒட்டினோம். வெளிச்சம் பட்டதும் பிடரி மட்டும் சாம்பல் வெள்ளையாகத் தெரிய, குரங்கு நம்மையே பார்க்கிறது. இருவாச்சிப் பறவை தன் வால் அடியில் சுரக்கும் எண்ணெயை அலகால் எடுத்துப் பூசிக்கொள்வதால்தான் அதன் கழுத்து மஞ்சளாகிறது என்றும் அவர் சொல்லிவிட்டுப் போனார். உடனே ஒருத்தி மஞ்சள் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினாள். அவளுடையது எண்ணெய் அதிகம் பூசிய இருவாச்சியாம்.

மழையில் பசை காயவே இல்லை. சத்துணவு அக்கா அடுப்படியில் கயிறு கட்டி எல்லாவற்றையும் தொங்கவிட்டார். வரையாட்டுப் படத்தில் இன்னும் தாளித்த வாசம் இருக்கிறது.

கொழுந்து எடை போட்டுவிட்டு, கால் கடுக்க வந்து உட்கார்ந்து இலை வெட்டிய அம்மாக்களே, உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? ஒரு அம்மா மகனின் படத்தைப் பார்த்து, "காட்டுக்குள்ள தேயிலை எங்கடா வந்துச்சு?" என்று கேட்டார். "குரங்கு அது வழியாத்தானேம்மா நம்ம லைன் வீட்டுக்கு வருது" என்றான். அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடு ஜன்னலில் கீழ் வரிசை முழுக்கத் தேயிலைதான், வந்து பாருங்கள். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, ஒன்பதரைக்குள் வாருங்கள்.

தச்சர் அண்ணா, உங்கள் சின்ன உளி எங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

நன்றியுடன்,
வகுப்பு ஆசிரியை