ஒரே பணத்தை ரெண்டு வீட்டுல எண்ணுறாங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்காவுல அரசு வாடகை உதவி வாங்குறது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா "குடும்ப வருமானம் குறைவா உள்ளவங்க விண்ணப்பிக்கலாம்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. சிக்கல் பூரா அந்த ஒரு வரிலதான் இருக்கு. நான் நியூ ஜெர்சில, குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான ஒரு அபார்ட்மெண்ட்ல இந்த வருமான பேப்பர் சரிபார்க்கற வேலை பாக்கறேன். எச்1பி விசாக்காரங்களுக்கு செக்‌ஷன் 8 (அரசு வாடகை உதவி திட்டம்) கிடையாது, அத முதல்லயே சொல்லிடறேன். நம்மள்ல இதுக்கு வர்றது பெரும்பாலும் கிரீன் கார்டுல பிள்ளைங்க கூப்பிட்டு வந்த பெத்தவங்க, அகதியா வந்து இங்கயே வேரூன்றின ஈழத்து குடும்பங்க, மணிக்கூலிக்கு வேலை பாக்கறவங்க.

எத்தன பேர் பே ஸ்டப்லயே (சம்பள சீட்டு) கோட்டை விடுறாங்க தெரியுமா. மணிக்கு 15 டாலர், வாரம் 40 மணி நேரம் வேலைன்னு வைங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 1,200 டாலர் செக். மனுசன் ஃபார்ம்ல என்ன எழுதுவார்னா மாசம் ரெண்டு செக், அப்ப 2,400, வருஷத்துக்கு 28,800. ஆனா வருஷத்துக்கு 52 வாரம், செக் 26 வரும், அதனால ஆபீஸ் போடற கணக்கு 31,200. வருமான வரம்பு இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயாவது நின்னா ஆள் அவுட். அதுவும் அந்த 1,200 அவர் கைக்கு வர்ற காசும் இல்ல, சோஷியல் செக்யூரிட்டி (அரசு பென்ஷன்), மெடிகேர் (பெரியவங்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு) ரெண்டுக்கு மட்டுமே ஒவ்வொரு செக்லயும் 91 டாலர் 80 சென்ட் போயிடும், அதுக்கு மேல வருமான வரி, இன்சூரன்ஸ். எண்ணுறது பிடித்தத்துக்கு முந்தின தொகைய. ஓவர்டைம், டிப்ஸ், போனஸ் எல்லாம் உள்ள வரும். பெரியவங்க சோஷியல் செக்யூரிட்டியும் அப்படித்தான், 2025ல மெடிகேர் பார்ட் பி பிரீமியத்துக்கு மாசம் 185 டாலர் பிடிச்சுட்டு மிச்சம்தான் பேங்குக்கு வந்துச்சு, ஆனா ஃபார்ம்ல முழு தொகையத்தான் எழுதணும்.

சரி, நான் எழுத உக்காந்த விஷயத்துக்கு வரேன்.

தனி வீட்டுல இருக்கற அம்மாவுக்கு பையன் மாசம் 500 டாலர் குடுக்கறான். வெளிய இருந்து மாசாமாசம் வர்ற உதவி வருமானம்னு சட்டம் சொல்லுது, அதனால அம்மா கணக்குல வருஷத்துக்கு 6,000 ஏறும். பணமா குடுக்காம அம்மாவோட கரண்ட் பில்ல இவனே வழக்கமா கட்டினாலும் அதையும் சேத்துதான் எண்ணுவாங்க. பொறந்தநாள், பண்டிகைக்கு குடுக்கற அன்பளிப்பு கணக்குல வராது, உடனே ஒருத்தர் அப்ப எல்லாத்தையும் பொங்கல் காசுன்னு எழுதிடவான்னு கேட்டாரு, மாசாமாசம் பொங்கல் வராது சார்னு சொல்லி அனுப்பினேன்.

இதுவரைக்கும்கூட ஒரு நியாயம் இருக்குன்னு வைங்க. இப்ப பையனும் வாடகை உதவில இருக்கற ஆள்னா? அவனோட வருமானமும் அதே 31,200ன்னு வைங்க, அதுல இருந்து அம்மாவுக்கு குடுத்த 6,000ஐ கழிக்க மாட்டாங்க. இந்த திட்டத்துல குடும்பம் கட்டற வாடகை, கழிக்க வேண்டியதெல்லாம் கழிச்சு வர்ற மாச வருமானத்துல பொதுவா 30 சதவீதம். அதனால அந்த 500க்காக பையன் 150 டாலர் வாடகை கட்டறான், அதே 500க்காக அம்மாவும் 150 கட்டறாங்க. ஒரு 500 டாலர் நோட்டுக்கட்டு ஒரு வீட்ல இருந்து இன்னொரு வீட்டுக்கு போனதுக்கு 300 டாலர் போச்சு! ஊர்ல இருக்கற அப்பாவுக்கு வெஸ்டர்ன் யூனியன்ல அனுப்பற பணமும் இதே கதிதான், கழிவு கிடையாது.

கழிவே இல்லாத சிஸ்டம்னா பரவால்ல, ஏத்துக்கலாம். ஆனா இருக்கே. வேலைக்கு போறதுக்காக குழந்தைய டேகேர்ல விட்டா கழிக்கறாங்க, பெரியவங்க, மாற்றுத்திறனாளிங்க உள்ள குடும்பத்துக்கு மருத்துவ செலவு ஒரு அளவுக்கு மேல போனா கழிக்கறாங்க (அந்த அளவு முன்னாடி வருமானத்துல 3 சதவீதம், புது விதில 10 ஆக்கிட்டாங்க, அது வேற கொடுமை). பெத்தவங்கள காப்பாத்தறது மட்டும் செலவு இல்லையா? வீட்டோட வச்சுக்கிட்டா சரி, தனியா வச்சு பணம் குடுத்தா தப்புங்கற மாதிரி இருக்கு.

இதுக்கு பயந்து மறைக்கறவங்களும் இருக்காங்க, அது இதவிட மோசமா முடியும். சம்பளம், அரசு பென்ஷன் விவரமெல்லாம் கம்ப்யூட்டர்ல தானா வந்து ஒப்பிட்டுக்கும், பிடிபட்டா பழைய பாக்கியெல்லாம் திருப்பி கட்டணும், வீடும் போகலாம். இன்னொண்ணு, வருமானம் ஜாஸ்தியாயிடும்னு வேலை பாக்கற பிள்ளையோட பேர விட்டுடறாங்க. வருமான வரம்பு ஆள் எண்ணிக்கைய பொறுத்து மாறும், அந்த ஏரியாவோட நடுத்தர வருமானத்துல 80, 50, 30 சதவீதம்னு வரம்பு வச்சு, 4 பேர் குடும்பத்த அடிப்படையா எடுத்துக்கிட்டு, 3 பேர்னா அதுல 90 சதவீதம், 5 பேர்னா 108. ஒரு பேர எடுத்தா வரம்பும் சேர்ந்து இறங்கும். தவிர 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளை பார்ட் டைம்ல சம்பாதிச்சா அது கணக்குலயே வராது, ஃபுல் டைம் காலேஜ் படிக்கற பிள்ளையோட சம்பளத்துலயும் சின்ன ஒரு தொகைதான் சேரும். ஃபுட் ஸ்டாம்ப் (அரசு சாப்பாட்டு உதவி), டாக்ஸ் ரீஃபண்ட் வருமானம் இல்ல. மறைக்கவே தேவையில்லாத பிள்ளைய மறைச்சு மாட்டிக்கறாங்க.

ஊர் நிலத்த பத்தி கேக்காத ஆளே இல்ல. இந்தியாவோ இலங்கையோ, எங்க இருந்தாலும் சொத்து சொத்துதான், எழுதணும். ஆனா பயப்பட ஒண்ணுமில்ல, 2016ல வந்த சட்டப்படி மொத்த சொத்து சுமார் 50,000 டாலருக்குள்ளனா அதுல இருந்து வட்டி வர்ற மாதிரி கற்பனை வருமானம் போட மாட்டாங்க, தாண்டினாலும் போடற வட்டி ஒரு சதவீதத்துக்கும் கீழ. சுமார் ஒரு லட்சம் டாலர் தாண்டினா வவுச்சர் (தனியார் வீட்டுக்கு அரசு தர்ற வாடகை உதவி சீட்டு), பப்ளிக் ஹவுசிங்குக்கு (அரசு வாடகை வீடு) தகுதியே சிக்கலாகும், அந்த ரெண்டு வரம்பும் விலைவாசிய வச்சு வருஷாவருஷம் மாறும். விக்க சட்டப்படி அதிகாரமே இல்லாத சொத்து கணக்குல வராது, ஆனா வாயால சொன்னா போதாது, பேப்பர் காட்டணும், அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லங்கறது பேப்பர் ஆகாது.

என் கோரிக்கை பெருசா ஒண்ணும் இல்ல. பெத்தவங்களுக்கு பேங்க் வழியா மாசாமாசம் போற பணத்துக்கு ரெக்கார்டு இருக்கு, அத குடுக்கறவன் கணக்குல கழிங்க, இல்லனா வாங்கறவங்க கணக்குல சேக்காம விடுங்க, ரெண்டுல ஒண்ணு. இங்க ஓட்டு உள்ள தமிழர்கள் அவங்கவங்க காங்கிரஸ் உறுப்பினர் ஆபீஸுக்கு இத எழுதி போடணும். உங்க அடுத்த கட்டுரைல அந்த 26 செக் கணக்கையும் ஒரு பெட்டி போட்டு வெளியிடுங்க, ரெண்டு வார சம்பளத்த 24ஆல பெருக்கின ஃபார்ம் இந்த வாரமும் என் மேசைல கிடக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூ ஜெர்சி