செயலாளரின் ஆண்டறிக்கை: குடியிலிருந்து மீள விரும்புவோருக்குக் கூட்டம் காட்டும் பணி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடியிலிருந்து மீள விரும்புவோர் கூடித் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் மீட்புக் கூட்டங்களை நம் சங்கம் நடத்துவதில்லை. குடியை நிறுத்த விரும்புகிறவரும் அவருடைய குடும்பத்தாரும் தமக்கு அருகில் நடக்கும் கூட்டத்தைக் கண்டறிந்து அங்கே போய்ச் சேர உதவுவதே நம் பணி.

இவ்வாண்டு உழைப்பின் பெரும்பகுதி கூட்டப் பட்டியலைச் சரிபார்ப்பதிலேயே சென்றது. பல காலம் தயங்கிய ஒருவர் ஒரு மாலையில் மனம் துணிந்து கிளம்பி, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப நேர்ந்தால், மறுபடி எப்போது கிளம்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலர் கிளம்பாமலே போய்விடுகிறார்கள். ஆகவே தொலைபேசியில் விசாரித்ததோடு நில்லாமல், உறுப்பினர்கள் நேரில் சென்று நாள், நேரம், எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும், படி ஏற வேண்டுமா என்பவற்றையெல்லாம் குறித்து வந்தார்கள். குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டங்களில் உள்ளே செல்லாமல், வாயிலிலேயே குழுவின் பொறுப்பாளரைச் சந்தித்து விவரம் பெற்றார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எதிரே, கடைசியாகச் சரிபார்த்த தேதி இப்போது எழுதப்படுகிறது. நம் பட்டியலில் மிகவும் பயனுள்ள பகுதி அதுதான் என்பது என் கருத்து.

நம்மை அழைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான கேள்விகளையே கேட்கிறார்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் நண்பர்களும் அறிந்துகொள்ள விரும்பும் எவரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கம் தமக்குச் சிக்கலாகிவிட்டது என்று உணர்ந்தவர்களுக்கு உரியது. முதல் நாளில் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பலாம். குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பின் கூட்டங்களில் கட்டணமும் சந்தாவும் கிடையாது. விருப்பமுள்ள உறுப்பினர்கள் தரும் காணிக்கையிலேயே குழு நடக்கிறது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகப் போதுமானது. இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன், வரலாமா என்று குரல் தாழ்த்திக் கேட்பவர்களுக்கு, தாராளமாக வரலாம் என்றே பதில் சொல்லி வருகிறோம்.

ஒரே ஒரு வழியை மட்டும் பரிந்துரைக்கக் கூடாது என்று செயற்குழு முடிவு செய்தது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொந்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டதில் பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடியிலிருந்து மீள அது வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி கொள்ளலாம் என்ற இடமும் அதிலேயே உண்டு. அதுவும் ஒத்துவராதவர்களுக்கு, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டு 1994 முதல் இயங்கும் ஸ்மார்ட் ரிகவரி போன்ற குழுக்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். கூட்டங்களால் உண்மையில் பயன் உண்டா என்று ஐயுறுபவர்களிடம் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பைக் குறிப்பிடுகிறோம். 27 ஆய்வுகளை அலசிய அத்தொகுப்பு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் பங்கேற்க முறைப்படி ஊக்குவிக்கும் சிகிச்சைகள், குடிக்காமல் தொடர்ந்து இருப்பதற்கு மற்ற நிலைபெற்ற சிகிச்சைகள் சிலவற்றைவிடக் கூடுதலாக உதவின என்று கண்டது. இருந்தும் ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்று வருந்துகிறவரிடம், வேறு சில குழுக்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்கிறோம். ஒரே அமைப்பின் குழுக்களுக்கிடையிலும் இயல்பு பெரிதும் மாறுபடுகிறது.

தொலைபேசிப் பணியில் இருப்பவர்கள் ஒன்றை எக்காரணம் கொண்டும் மறக்கக் கூடாது. நீண்ட காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் உயிருக்கே ஆபத்தான மனக்குழப்பமும் வரக்கூடும். அத்தகையவரை முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கூட்டம் அதற்கு மாற்று ஆகாது. இதைத் தொலைபேசிக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அழைப்பவர்களில் மனைவியரும் தாய்மாரும் கணிசமாக இருக்கிறார்கள். குடிப்பவர் இன்னும் நிறுத்தாவிட்டாலும் அவர்கள் 1951 முதல் இயங்கும் அல்-அனான் குடும்பக் குழுக்களுக்குச் செல்லலாம். வீட்டில் ஒருவர் மாறும்வரை மற்றவர்கள் உதவியின்றிக் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு பேரை வாட்டுகிறது என்பதை இப்பணியில்தான் நேராகக் கண்டோம்.

தனியாகப் போகக் கூச்சப்படுபவர்களுடன் முதல் திறந்த கூட்டத்துக்குத் துணை செல்லும் ஏற்பாடு தொடர்கிறது. துணை சென்றவர் அங்கே கேட்டதையும் பார்த்தவரையும் வெளியில் சொல்வதில்லை. அழைப்பவரின் பெயரையும் நாம் பதிவு செய்வதில்லை. இதனால் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கை இவ்வறிக்கையில் தர இயலாது. அந்தக் கணக்குக்காக ஒருவருடைய அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்கச் செயற்குழு விரும்பவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் பெண்களுக்கான கூட்டங்களையும், வெளியே வர இயலாதவர்களுக்கான இணையவழிக் கூட்டங்களையும் பட்டியலில் விரிவாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இரவு நேரத் தொலைபேசிப் பணிக்கு ஆட்கள் போதவில்லை. இயன்றவர்கள் இன்றே பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்