குடியிருப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே விஷயம்தான்: தெருமுனையில் பூட்டிக் கிடந்த கடையில் இப்போது நடக்கும் சிறிய பப். மற்றவற்றை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். கோடைகால ஒன்றுகூடல் மழைக்கு நடுவிலும் நல்லபடியாக நடந்தது. பின்சந்தில் குப்பை கொட்டுவது குறைந்திருக்கிறது, முற்றாக நிற்கவில்லை. வாகன நிறுத்தம் பற்றி நாம் அனுப்பிய கடிதத்துக்குக் கவுன்சிலிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

சரி, பப் விஷயத்துக்கு வருகிறேன். கடையின் ஷட்டரில் வெளிர்நீலத் தாள் ஒன்று ஒட்டியிருப்பதாக, பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஓர் உறுப்பினர்தான் முதலில் தகவல் தந்தார். அவருக்குச் சங்கத்தின் நன்றி. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, மது விற்கப் புதிதாக உரிமம் கேட்பவர் அந்த நீலத் தாளை 28 நாள் வாசலில் ஒட்டிவைக்க வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். அந்த 28 நாளுக்குள் ஏற்கத்தக்க ஆட்சேபம் எழுத்தில் எதுவும் வராவிட்டால், கவுன்சில் உரிமத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். மறுக்க அதற்கு அதிகாரம் கிடையாது. பேசாமல் இருந்தால் சம்மதித்தது போலத்தான்.

உடனே கூட்டிய கூட்டத்தில் முதலில் எழுந்த குரல், “வீடுகளுக்கு நடுவே குடிக்கடையே வேண்டாம்” என்பது. குடியால் சொந்தக் குடும்பம் சிதைந்ததைப் பார்த்த மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியபோது யாரும் குறுக்கிடவில்லை. அந்த வேதனையை நான் முழுதும் மதிக்கிறேன். ஆனால் உரிமம் பற்றி முடிவெடுக்கும் கவுன்சிலின் உரிமக் குழு கேட்கும் கேள்வி வேறு. சட்டம் நான்கு நோக்கங்களை மட்டுமே பார்க்கிறது: குற்றத்தையும் ஒழுங்கின்மையையும் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, சிறுவர்களைத் தீங்கிலிருந்து காப்பது. குடி நல்லதா கெட்டதா, பக்கத்தில் ஏற்கெனவே எத்தனை பப் இருக்கிறது, வீட்டு விலை இறங்குமா என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆகவே நம் மனுவைப் பொதுத் தொல்லை என்ற ஒன்றிலேயே, அதிலும் சத்தத்திலேயே நிறுத்துவது என்று பெரும்பான்மையோர் முடிவெடுத்தோம். அது சரியான முடிவு என்பதே இன்றும் என் கருத்து.

விண்ணப்பித்த தம்பதி நம்மைச் சந்திக்கத் தாங்களாகவே வந்தார்கள். தாங்கள் நடத்தப்போவது மைக்ரோபப், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இந்த வகைக்கு முன்னோடி 2005இல் கென்ட் மாவட்டத்தின் ஹேர்ன் ஊரில், பழைய இறைச்சிக்கடை ஒன்றில் மார்ட்டின் ஹில்லியர் தொடங்கிய ‘புச்சர்ஸ் ஆர்ம்ஸ்’. ஒரு சின்ன அறை, பீப்பாயிலிருந்து ஊற்றும் ஏல் என்ற பியர், பேச்சுத் துணை. பாட்டுப் பெட்டியோ சூதாட்ட எந்திரமோ கிடையாது. அப்படியென்றால் சத்தம் எங்கிருந்து வரும் என்று நம்மிலேயே சிலர் கேட்டார்கள்.

வாசலிலிருந்து வரும். 2007 ஜூலை முதல் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை. இந்தக் கடைக்குப் பின்முற்றம் கிடையாது. புகைப்பவர்கள் நடைபாதையில், நம் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் நிற்பார்கள். அறை சிறியது, கூட்டம் சேர்ந்தால் புழுக்கம், கதவைத் திறந்து வைப்பார்கள். அப்புறம் கண்ணாடிப் போத்தல்களைத் தொட்டியில் கொட்டுகிற சத்தம். இரவு பதினொரு மணிக்கு அது ஒருமுறை கேட்டால் போதும், கைக்குழந்தை உள்ள வீட்டில் அன்றைய தூக்கம் முடிந்தது.

ஒட்டிய வீட்டில் இருக்கும் அம்மா ஒருவர் வேறொன்று சொன்னார்: “அங்கே நாற்காலியை இழுத்தால் என் தலைமாட்டில் கேட்கும்.” இதைச் சோதித்தே பார்த்தோம். கடைக்காரர் மரத்தரையில் நாற்காலியை இழுத்தார். செயற்குழுவினர் இருவர் அம்மாவின் கட்டிலருகே நின்றார்கள். அவர் சொன்னது அப்படியே உண்மை. பேச்சுக்குரல் மங்கலாகத்தான் வந்தது, நாற்காலிக் கால் மட்டும் அறைக்குள்ளேயே இருப்பது போலக் கேட்டது. கடைக்காரர் தானும் வந்து நின்று கேட்டார். அந்த வாரமே எல்லா நாற்காலிக் கால்களுக்கும் தடித்த கம்பளித் துண்டு ஒட்டினார். கடையைப் பப்பாக மாற்றத் தனியாகத் திட்ட அனுமதியும் வேண்டும் என்பதால், பொதுச்சுவருக்கு ஒலித்தடுப்பு போடுவதை அந்த அனுமதியின் நிபந்தனையாகக் கேட்டோம், கிடைத்தது.

உரிம விசாரணை மூன்று கவுன்சிலர்கள் கொண்ட உபகுழு முன் நடந்தது. ஆட்சேபம் எழுதுபவரின் பெயரும் முகவரியும் விண்ணப்பதாரருக்குப் போகும் என்பதால் பலர் தயங்கினார்கள். அதற்காகவே சங்கத்தின் பெயரில் ஒரு மனு கொடுத்து, உபதலைவர் பேசினார். உரிமம் கிடைத்துவிட்டது. ஆனால் கேட்டபடி கிடைக்கவில்லை. தினமும் இரவு 11 வரை கேட்டிருந்தார்கள். ஞாயிறு முதல் வியாழன் வரை 10 மணி, வெள்ளி, சனியில் 10.30 என்று குறைந்தது. இரவு 9க்குப் பிறகு கோப்பையோடு வெளியே வரக்கூடாது. கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், திறந்து முட்டுக்கொடுக்கக் கூடாது. இரவு 9 முதல் காலை 8 வரை போத்தல் கொட்டக்கூடாது. பொறுப்பாளரின் தொலைபேசி எண் அக்கம்பக்கத்தாருக்குத் தரப்பட வேண்டும். உரிமத்தையே தடுக்கப் போயிருந்தால் இவற்றில் ஒன்றுகூடக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

ஒன்றை மட்டும் உறுப்பினர்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இசை கூடாது என்ற நிபந்தனையை ஏன் வாங்கவில்லை என்று கேட்கிறார்கள். 2012ஆம் ஆண்டு நேரடி இசைச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும், மது உரிமமுள்ள இடத்தில் காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மேற்படாத கூட்டத்துக்கு, இசைக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று ஆக்கிவிட்டன. நிபந்தனை எழுதினாலும் அந்த நேரத்தில் செல்லாது. தொல்லை வந்தால், உரிமத்தை மறுபரிசீலனை செய்யக் கேட்டு, அந்த மறுபரிசீலனையில் இசை நிபந்தனையைச் செல்லும்படி சேர்க்கச் சொல்லலாம். மறுபரிசீலனையை எந்தக் குடியிருப்பாளரும் கேட்கலாம், சங்கமும் கேட்கலாம்.

பப் திறந்த பிறகு நிலைமை எப்படி? நாங்கள் பயந்ததைவிட நன்றாகவே இருக்கிறது, முழுத் திருப்தி இல்லை. உள்ளேயிருந்து சத்தம் வருவதில்லை. மூடும் நேரத்தில் விடைபெறும் பேச்சு மட்டும் கால்மணி நேரம் நீள்கிறது. பொறுப்பாளரைக் கூப்பிட்டால் வெளியே வந்து கலைக்கிறார். கூப்பிடாமலே அவர் வர வேண்டும் என்பது நம் கோரிக்கை. சத்தம் கேட்டால் முதலில் அவரை அழையுங்கள். பிறகு தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எந்த அறையில் கேட்டது, என்ன சத்தம் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். “எப்போதும் ஒரே கூச்சல்” என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவு ஒன்றும் செய்ய முடியாது; தேதியிட்ட குறிப்பு இருந்தால் 1990ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்க வழியுண்டு. குறிப்பெழுதும் படிவம் செயலாளரிடம் கிடைக்கும், தமிழிலும் இருக்கிறது.

இப்போது கடைக்காரர் நடைபாதையில் மேசை போட அனுமதி கேட்கும் யோசனையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாலை 7 மணிக்குள் மேசைகளை உள்ளே எடுத்துவிட்டால் ஆட்சேபிக்க வேண்டாம், அதற்கு மேல் என்றால் எதிர்ப்போம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போக இடம் விட வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறோம். இதை இன்றைய கூட்டத்தில் வாக்குக்கு விடுகிறோம். அதையடுத்து உபசெயலாளர் பதவிக்கும் செயற்குழுவில் காலியான இரண்டு இடங்களுக்கும் பெயர்கள் முன்மொழியப்படும்.

செயலாளர்