மைதானத்தின் கேட்டை விடியற்காலையில் திறந்து விடுங்கள்

எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும் முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

1995-இல் இங்கே பத்தாம் வகுப்பு முடித்தவன் நான். ஒவ்வொரு ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்றும் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்து நீங்கள் மாலை போடுகிற அந்தப் பையன், என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இந்த வருடம் அவனுக்கு நினைவு வளைவு கட்ட நிதி திரட்டுவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊரிலும் பதினேழரை வயது எப்போது ஆகும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பையன்கள் உண்டு. அவனும் அப்படித்தான் இருந்தான். ஓட்டத்தில் அவனுக்குக் கவலை இல்லை, ஒரு மைலை ஊதித் தள்ளிவிடுவான். மார்பளவுதான் பயம். மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். என் அப்பா தையல்காரர். கடையிலிருந்து டேப்பை எடுத்து வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் புளியமரத்தடியில் நான்தான் அளப்பேன். நாலரையிலேயே நின்றுவிடும். முகம் சிவக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு, "மறுபடி அளடா" என்று கண்ணாலேயே சொல்வான். டேப் நுனியைப் பிடித்திருந்த என் விரலில் அவன் நெஞ்சு அடிப்பது தெரியும். அப்புறம் ஒருநாள் ஐந்தைத் தொட்டது. இருவரும் கத்திய கத்தில் கணக்கு வாத்தியார் வெளியே வந்துவிட்டார்.

பீரங்கிப் படையில் எடுத்தார்கள். நாசிக்கில் பயிற்சி. அதன்பின் வந்த கடிதங்களில் ஊர்ப் பெயரே இருக்காது, '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலைய முகவரி மட்டும்தான். எங்கே இருக்கிறான் என்று அவன் அம்மா கேட்டால், "வடக்கேம்மா" என்பேன். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். கார்கில் பக்கத்துத் திராஸ் என்ற ஊரின் பெயரையே 1999 ஜூனில்தான் முதல்முதலாகக் கேட்டோம். மலை உச்சியில் இருந்தவர்களை விரட்டக் கீழிருந்து இரவும் பகலும் பீரங்கிகள் முழங்கின. அங்கிருந்தும் குண்டுகள் வந்தன. அதில் ஒன்று அவனுடைய பீரங்கிக்குப் பக்கத்திலேயே விழுந்தது. அந்தப் போரில் இறந்த 527 பேரில் ஒருவன் ஆனான்.

முந்தைய போர்களில் சாதாரணச் சிப்பாயின் உடல் பெரும்பாலும் ஊருக்கு வராது, தந்திதான் வரும். கார்கிலில்தான் உடல்களை வீடுவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த ஹவில்தார் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அவன் அம்மா பெட்டியின் மேல் கையை வைத்து, தலை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார்.

டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்துக்குப் போயிருந்தேன். கருங்கல்லில் பொன்னெழுத்தில் அவன் பெயர் இருக்கிறது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். பெயருக்குக் குறையில்லை ஐயா. நம் வளைவு அதற்கு மேல் என்ன சேர்த்துவிடும்?

நான் கேட்பது வேறு. பள்ளி மைதானத்தைப் பூட்டியே வைத்திருந்ததால் அவன் நெடுஞ்சாலையில்தான் ஓடிப் பழகினான். இருட்டில், லாரிகளுக்கு நடுவே. நான் பின்னால் சைக்கிளில் டார்ச் அடித்துக்கொண்டே போவேன். முப்பது வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் நம் பிள்ளைகள் அதே சாலையில்தான் ஓடுகிறார்கள். அக்னிபாத் என்ற புது ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தபின் பட்டாளத்தில் நான்கு வருட வேலைதான், அதிகபட்சம் நான்கில் ஒருவரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். அதற்கும் ஓடுகிறார்கள். போன வாரம் ஒரு பையனை லாரி உரசிவிட்டுப் போனது. நல்ல வேளை, முழங்கை சிராய்ப்போடு தப்பித்தான்.

வளைவுக்கு வைத்திருக்கும் பணத்தில் மைதானத்தைச் சமன் செய்யுங்கள். நான்கு விளக்கும், தொங்கிப் பழக ஒரு பாரும் போடுங்கள். அவன் அம்மாவை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போட்டு, வெயிலில் காக்க வைத்தது போதும். அவருக்கு முழங்கால் வலி, சொல்ல மாட்டார்.

காவலாளிக்குச் சம்பளம் தர முடியாது என்பீர்கள். சரி, சாவியை என்னிடம் கொடுங்கள். என் வீடு பள்ளிக்குப் பின்தெருவில்தான். தினமும் நாலரை மணிக்கு நானே வந்து திறந்துவிடுகிறேன். டேப்பும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
1995-ஆம் ஆண்டு 'ஆ' பிரிவு மாணவன்