அந்தப் பத்து மடங்கு ஸ்கோப்பை விற்காதே

சுங்கை சிப்புட்

டேய் மச்சான்,

வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. செம்பனை விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. குட்டை மண்டோர் சைக்கிள் கதையை இன்னும் விடவில்லை. ஊர்ச் சேதி அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்ததே உன் துப்பாக்கிமேல் இருக்கிற ஸ்கோப்புக்காக, அந்தக் குறிபார்க்கும் தொலைநோக்கிக்காக. பத்து மடங்கை விற்றுவிட்டு இருபத்தைந்து வாங்கப் போகிறாயாமே? யார் ஓதினது, அந்தக் கப்பல் பயலா?

ஆயிரம் கஜத்தில் வைத்த குறி அட்டை பத்து மடங்கில், நூறு கஜத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற அளவில் தெரியும். கறுப்பு வட்டத்து நடுவில் குறுக்குக்கோட்டை நிறுத்த அது போதும். குண்டு விழுந்த ஓட்டை தெரியாது, சரி. அதை அட்டைக்கு அடியில் குழியில் இருக்கிறவன் குறித்துக் காட்டுவான். 1988-ல் அமெரிக்க ராணுவம் எடுத்த எம்24 ஸ்னைப்பர் துப்பாக்கியில் இருந்ததும் பத்து மடங்குதான். வெயில் ஏறினால் பெரிய உருப்பெருக்கத்தில் கானல் மொத்த அட்டையையும் கொதிக்க வைக்கும். எஃப் கிளாஸில், அதாவது துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துத் தூரம் சுடுகிற போட்டியில், நாற்பது மடங்கு வைத்திருக்கிறவன் முட்டாள் இல்லை, அங்கே நடு வளையம் அவ்வளவு சின்னது. நீ பதக்கத்துக்கு நிற்கும்போது அதைப் பேசுவோம்லா.

உன் குண்டு மேலேயும் கீழேயும் போவதற்குக் கண்ணாடியைக் குறை சொல்லாதே. குறியை ஏற்றி இறக்குகிற டயலைப் பார். உன் .308-ல் 175 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 2,600 அடி வேகம், நூறு கஜத்தில் ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி) என்றால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 38 எம்.ஓ.ஏ ஏற்றணும். ஒரு எம்.ஓ.ஏ பாகையில் அறுபதில் ஒரு பங்கு, நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஸ்கோப்பின் மொத்த ஓட்டமே 60 என்றால் நடுவிலிருந்து மேலே 30தான் மிச்சம். 20 எம்.ஓ.ஏ சாய்வுப் பட்டையை ஸ்கோப்புக்கு அடியில் போடு, ஐம்பது கிடைக்கும். புது ஸ்கோப்பின் விலையில் அது சில்லறை.

அடுத்தது, டயல் உண்மை பேசுதா? நூறு கஜத்தில் உயரமான அட்டை வை. தூக்குநூல் விட்டு நேர்க்கோடு போடு. கோட்டின் அடியில் புள்ளி, அதைக் குறிவைத்து ஒரு குரூப், அதாவது சில குண்டுகள் சேர்ந்தாற்போல், சுடு. 30 எம்.ஓ.ஏ ஏற்று, அதே புள்ளியைக் குறிவைத்து மறுபடி சுடு. இரண்டு குரூப்புக்கும் நடுவே 31.4 அங்குலம் இருக்கணும். 30.5தான் வந்தால் மூன்று சதவீதம் குறைவு. ஆயிரத்தில் பதினொரு அங்குலம் கீழே விழும். நீயோ காற்றைத் திட்டிக்கொண்டிருப்பாய்.

மேல் குரூப் கோட்டைவிட்டு விலகி இருந்தால் ஸ்கோப் சாய்ந்து பூட்டியிருக்கு. மூன்று பாகை சாய்வு போதும், ஆயிரத்தில் இருபது அங்குலம் பக்கவாட்டில் போகும். வளையத் திருகைத் தளர்த்தி, குறுக்குக்கோட்டைத் தூக்குநூலோடு ஒட்டி நிறுத்தி, திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஒரே பக்கம் முறுக்கினால் குழாய் திரும்பிவிடும். சின்ன ரசமட்டம் ஒன்றும் மாட்டிக்கொள்.

தலை அசைந்தால் கோடு அட்டைமேல் நகராமல் சரிசெய்கிற பாரலாக்ஸ் குமிழ் உன்னுடையதில் இல்லை என்றுதான் ஞாபகம். துப்பாக்கியை மணல்பையில் வைத்து, தொடாமல் தலையை மட்டும் அசைத்துப் பார். கோடு அட்டைமேல் நகர்ந்தால், ஸ்கோப்புக்குள் காட்சியைச் சுற்றித் தெரியும் கறுப்பு விளிம்பு எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி கன்னத்தை வை. கன்னம் வைக்கிற துப்பாக்கிக் கட்டையில் பட்டை ஒட்டி உயர்த்தினால் தானாக அமையும்.

இங்கே மலேசியாவில் காற்றுத் துப்பாக்கிக்கே லைசன்ஸ் வேணும், இதையெல்லாம் நான் வேறு யாரிடம் புலம்புவது?

அட்டையில் எத்தனை அங்குலம் வந்தது என்று அளந்து எழுது. விற்கிற பேச்சு அப்புறம்.

உன் மச்சான்