ஆற்றின் பங்குத் தண்ணீருக்குக் கதவு வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கையில் சிறு நீர்மின் நிலையங்களுக்குச் சுற்றாடல் அனுமதி வழங்கும்போது, ஆற்றில் எந்நேரமும் குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது நல்லதே. அந்தத் தண்ணீர் அணையின் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது தாளிலேயே நின்றுவிடும்.

இத்தகைய நிலையங்கள் பெரும்பாலும் நீரைத் தேக்குவதில்லை. தடுப்பணையில் மறித்து வாய்க்காலுக்குத் திருப்பி, அழுத்தக் குழாயில் இறக்கி, டர்பைனைச் சுழற்றிய பின் கீழே ஆற்றில் விடுகின்றன. இடைப்பட்ட துண்டுதான் வற்றுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையும் நாட்களில் அங்கே பாறைதான் மிஞ்சும். லயத்து மக்கள் குளிப்பதும் துவைப்பதும் அந்தத் துண்டில் என்றால் பாதிப்பு அன்றாடம் தெரியும். மேல் மகாவலியின் பாறை நீரோட்டங்களில் மட்டும் வாழும் லேபியோ ஃபிஷெரி என்ற மீனுக்கும் வேகமாக இறங்கும் தண்ணீரே வேண்டும். அப்படித் தண்ணீர் இறங்கும் சரிவே மின்னுக்கும் உகந்தது.

ஆற்றுக்கு விடும் நீரைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் கதவாக வைத்தால், வறட்சியில் முதலில் மூடப்படுவது அதுதான். அணைச் சுவரிலேயே மூட முடியாத துவாரமாக அமைக்க வேண்டும். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள துவாரத்தின் மையம் நீர்மட்டத்துக்கு 1 மீற்றர் கீழே இருந்தால் செக்கனுக்குச் சுமார் 190 லீற்றர் வெளியேறும். நீர்மட்டம் இறங்கி அந்த ஆழம் 25 சென்ரிமீற்றர் ஆனால் பாதிதான் வரும். ஆகவே துவாரம் வாய்க்கால் வாயிலை விடத் தாழ்வாக இருப்பது அவசியம். அப்போது ஆறு தன் பங்கை எடுத்த பிறகே டர்பைனுக்குப் போகும். இலையும் மூங்கிலும் பிளாஸ்டிக் பையும் துவாரத்தை அடைக்கும். வாய்க்கால் வலையைச் சுத்தம் செய்யாவிட்டால் வருமானம் குறையும், எனவே அது நாளும் நடக்கும். ஆற்றுத் துவாரம் அடைபட்டால் நிலையத்துக்கு நட்டமில்லை. துவாரத்துக்குத் தனி வலையும், கரையில் நிற்பவர் வாசிக்கக்கூடிய அளவுகோலும் சட்டப்படி கட்டாயமாக்கப்பட வேண்டும்.

வாய்க்கால் நீரில் வரும் மண் படியும் வண்டல் தொட்டியைக் கழுவும் வேளையும் முக்கியம். நீர் குறைந்த நாளில் திறந்தால் தேயிலைச் சரிவுகளில் இருந்து வந்த மண் முழுவதும் கூழாங்கற்களின் இடுக்கில் படிந்து மீன் முட்டைகளை மூச்சடைக்கச் செய்யும். பெருவெள்ளத்தில் கழுவினால் ஆறே அள்ளிச் செல்லும். டர்பைன் திடீரென நின்றால், அணையில் வழியும் நீர் வந்து சேரும்வரை நிலையத்துக்குக் கீழே மட்டம் சரிந்து மீன்கள் குட்டைகளில் சிக்கும். டர்பைனைச் சுற்றி நீரை ஆற்றுக்கு விடும் மாற்றுவழி வால்வு பொருத்தினால் இதைத் தவிர்க்கலாம்.

1993 வர்த்தமானியின்படி மின் உற்பத்தி அளவை மட்டும் கொண்டு சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்குள் வருவன 50 மெகாவொட்டுக்கு மேற்பட்டவையே. சிறியவை அமைவிடத்தைப் பொறுத்தவை. பெரியதிலும் குறை உண்டு. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் சென். கிளேயார் நீர்வீழ்ச்சிக்குப் பகலில் நீர் விடவேண்டும் என்ற நிபந்தனை அருவியைப் பார்ப்போருக்கு உதவுகிறது. ஆற்றுக்கு இரவிலும் தண்ணீர் தேவை.

அமெரிக்காவில் குறைந்த பாதிப்புள்ள நீர்மின் நிலையங்களுக்கான சான்றிதழ் நீரோட்டம், நீரின் தரம், மீன் ஏறுவழி, இறங்குவழி உள்ளிட்ட எட்டு அளவுகோல்களைப் பார்த்து, குறித்த காலத்துக்கு மட்டும் தரப்படுகிறது. இங்கும் அனுமதியைக் காலவரையுடன் வழங்கி, அன்றாட நீரோட்டப் பதிவைக் காட்டிய பிறகே மத்திய சுற்றாடல் அதிகாரசபை புதுப்பிக்க வேண்டும்; அந்தப் பதிவு பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
ஹட்டன்.