இடைவேளையில் எழுந்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையில் தகராசுகா என்ற ஊரில் பெண்கள் மட்டுமே நடிக்கும் நாடகத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷமாகப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசி வரி தூக்கிவாரிப் போட்டது. கௌபாய் கதை முடிந்து இடைவேளை விட்டார்களாம், இனிமேல் வெறும் டான்ஸ்தான் என்று வழிகாட்டி சொன்னாராம், எல்லோரும் பஸ் ஏறிவிட்டார்களாம். கல்யாணத்துக்குப் போய், முகூர்த்தம் ஆனதும் பந்தியில் உட்காராமல் வீடு திரும்பின கதைதான்!

கோபேயில் மகன் வீட்டில் இருக்கும் நான் 2025இல் தகராசுகா அணிகளில் ஒன்றான நிலா அணி நடத்திய அந்த இரட்டை நிகழ்ச்சியைப் பார்த்தேன். முதலில் ரயிலும் துப்பாக்கியும் அகலத் தொப்பியுமாக அமெரிக்க மேற்குப் பகுதியின் சாகசக் கதை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அப்புறம் அரை மணிக்கு மேல் இடைவேளை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிடலாம். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆட்டமும் பாட்டுமான ரெவ்யூ. இரண்டுக்கும் ஒரே டிக்கெட். இங்கே இது பழைய வழக்கம். பின்பாதி ஒட்டுப்போட்ட சமாச்சாரம் இல்லை. அதற்காகவே வருகிற ஜப்பானியப் பெண்மணிகள் எத்தனையோ பேர்.

மேடையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள் என்பதைக் கட்டுரை சொன்னது. ஆண் வேடத்துக்கென்று ஒருத்தி வந்துவிட்டால் பெரும்பாலும் கடைசிவரை ஆண் வேடம்தான் என்பதைச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்துவது, காலை அகட்டி உட்காருவது, தொப்பி விளிம்பை இரண்டு விரலால் இறக்குவது எல்லாமே வருஷக்கணக்கான பயிற்சி. முதல் பாதியில் அதைக் கதைக்காகச் செய்கிறார்கள். இரண்டாம் பாதியில் கதை விலகிவிடுகிறது, அந்த வித்தை மட்டும் மிஞ்சுகிறது. ஒரு கதாநாயகனின் நடை எதனால் ஆனது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

இன்னொன்று. கதையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டிய பெண்களுக்கு முகம் கிடைப்பதும் ரெவ்யூவில்தான். வாத்தியக்குழு உட்கார்ந்திருக்கும் பள்ளத்துக்கும் நமக்கும் நடுவே குறுகலான நடைபாதை ஒன்று உண்டு, வெள்ளிப் பாலம் என்பார்கள். அதில் அவர்கள் வரும்போது முன்வரிசைக்காரர்களுக்குக் கண்ணிமை மை வரை தெரியும். தகராசுகாவின் இசைப்பள்ளியில் இரண்டு வருஷம் முடித்த புதுப் பெண்கள் வசந்த காலத்தில் முதல்முறை மேடையேறி, தோளோடு தோள் ஒட்டிக் கால் தூக்கி ஆடுவதும் இந்தப் பாதியில்தான்.

கடைசியில் பெரிய படிக்கட்டு வருகிறது. இருபத்தாறு படி. ஒவ்வொரு படியின் அகலமும் 23 சென்டிமீட்டர்தான். என் செருப்பே அதில் முழுசாக அடங்காது. முதலில் ஒருத்தி தனியாகப் பாடிக்கொண்டு இறங்குகிறாள். பின்னாலேயே வரிசைப்படி மற்றவர்கள். யார் எப்போது இறங்குகிறார்கள் என்பதிலேயே அணியில் அவரவர் இடம் தெரிந்துவிடும். எல்லோருக்கும் பிறகு முதல் நட்சத்திரம், முதுகில் ஆளை விழுங்கும் இறகு விசிறியோடு. குனிந்து படியைப் பார்க்கவே மாட்டார். எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது. பஸ்ஸில் ஏறினவர்கள் இதைத்தான் கோட்டைவிட்டார்கள்.

இதன் பின்னால் ஒரு ரயில் கம்பெனி இருப்பதையும் கட்டுரை தொட்டிருக்கலாம். இச்சிசோ கோபயாஷி என்பவர் தன் ரயில் பாதையின் கடைசி ஊருக்கு ஆள் வரவேண்டும் என்று வெந்நீர் ஊற்றுக் குளியல் விடுதி கட்டினார்; அங்கே சும்மா கிடந்த நீச்சல் குளத்தின் மேல் பலகை போட்டு அரங்கமாக்கி, 1914இல் பெண் பிள்ளைகளை வைத்து முதல் நிகழ்ச்சி நடத்தினார். ஜப்பானின் முதல் ரெவ்யூ என்று சொல்லப்படுவதும் தகராசுகாவில் 1927இல் அரங்கேறியதுதான். அதில் ஆடியவர்கள் கால்சட்டையில் சக்கரம் வரைந்து ரயிலாகவே ஓடிக் காட்டினார்களாம்.

கும்பகோணத்துக்காரிக்கு இதைக் கேட்டால் பாலாமணி அம்மாள் ஞாபகம் வராமல் இருக்குமா? தகராசுகாவுக்கு முன்பே பெண்களை மட்டும் வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்க வருகிறவர்களுக்காக ஓடிய ரயிலுக்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பெயர். அங்கே ரயில்காரர் நாடகத்தைத் தேடினார், எங்கள் ஊரில் நாடகத்தைத் தேடி ரயில் வந்தது. பாலாமணியைப் பற்றியும் ஒரு ஞாயிறு முழுப்பக்கம் எழுதுங்களேன், ரொம்ப நாள் ஆசை.

ஜப்பான் கட்டுரைக்கு அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் இதையும் சேர்த்துவிடுங்கள்: ஒசாகாவின் உமேடா நிலையத்தில் அதே கம்பெனியின் ஹான்கியூ ரயில் ஏறினால் முக்கால் மணிக்குள் தகராசுகா போய்விடலாம், டூர் பஸ்ஸை நம்பியிருக்க வேண்டியதில்லை. அரங்கத்தில் மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். அதற்குத் தகுந்த மாதிரி அன்றைய சாயங்காலத்தில் வேறு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாசகி
(தற்சமயம் கோபே, ஜப்பான்)